ஜெயித்த இரண்டும் தோற்ற நான்கும்

மலர்க் குழுவினர் "ஏதாவது டெக்னிக்கலா எழுதுப்பா, ஆனா எல்லாருக்கும் புரியணும்" என்று கேட்டுக்கொண்டார்கள். இரண்டும் சேர்ந்து நடக்கிற காரியமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மேஜை டிராயரில் கிடந்த பழைய நோக்கியா 6600 கண்ணில் பட்டது. கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. சரி, இதன் கதையையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

2008 டிசம்பர். எங்கள் ஹாஸ்டல் அறையில் இரண்டு கட்சிகள். நான் சிம்பியன் கட்சி. ரூம்மேட் ஆண்ட்ராய்டு கட்சி. அவனிடம் ஆண்ட்ராய்டு போன் கிடையாது. இந்தியாவில் அது அப்போது விற்பனைக்கே வரவில்லை! லேப் கம்ப்யூட்டரில் எமுலேட்டரை ஓட்டுவான். அது கண் விழிப்பதற்குள் மெஸ்ஸுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். "ஏன் மாப்ளே, இல்லாத போனுக்கு ப்ரோக்ராம் எழுதறியே?" என்று கிண்டல் செய்வேன். அந்தக் கிண்டலுக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சிக்கனக்காரன் சிம்பியன்

சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. போனின் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கல்யாண வீட்டு மேற்பார்வையாளர் மாதிரி. மெமரி, பேட்டரி, திரை, ரேடியோ எல்லாவற்றையும் யாருக்கு எப்போது எவ்வளவு என்று பங்கு போட்டுக் கொடுப்பது அவர் வேலை.

சிம்பியனின் பூர்வீகம் இங்கிலாந்து. சையான் என்ற கம்பெனி தன் கைக்கம்ப்யூட்டர்களுக்காக எழுதிய 'எபாக்' என்ற மென்பொருள்தான் மூலம். 1998-ல் சையான், நோக்கியா, எரிக்சன், மோட்டோரோலா எல்லாம் கூட்டுச் சேர்ந்து சிம்பியன் நிறுவனத்தைத் தொடங்கின. 2007-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்ஃபோன்களில் பாதிக்கு மேல் சிம்பியன்தான்.

அதன் பலம், சிக்கனம். என் 6600-ல் பிராசஸர் வேகம் வெறும் 104 மெகாஹெர்ட்ஸ். அதிலேயே ஒரே சமயத்தில் பல ப்ரோக்ராம்கள் ஓடும். பேட்டரியும் நாள்கணக்கில் நிற்கும். மெமரி தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு வரியிலும் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

பலவீனமும் அதே சிக்கனம்தான். திரையில் ஒரு 'வணக்கம்' காட்டுவதற்கே நான்கு கிளாஸ் எழுத வேண்டும். சாதாரண சி பிளஸ் பிளஸ் தெரிந்தவன்கூட இதில் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். எனக்கு அது பெருமையாக இருந்தது. கஷ்டப்பட்டுக் கற்றது வீண்போகாது என்று நம்பினேன்.

குறையோடு வந்து ஜெயித்தவர்கள்

2007 ஜனவரி 9-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐஃபோனை அறிமுகப்படுத்தினார். அதில் 3ஜி இல்லை. வெளியார் எழுதும் ஆப்களுக்கு இடமில்லை. எழுத்தை வெட்டி ஒட்டும் வசதி 2009-ல்தான் வந்தது. பட்டியல் போட்டால் எங்கள் நோக்கியாவே மேல். ஆனால் விரல் பட்டால் திரை வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்னணியில் இருந்தது மேக் கம்ப்யூட்டரின் அஸ்திவாரம். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. எழுதியவன் நேராக உலகத்துக்கே விற்கலாம் என்றானது.

ஆண்ட்ராய்டை 2003-ல் ஆண்டி ரூபினும் நண்பர்களும் தொடங்க, 2005-ல் கூகுள் வாங்கியது. 2008-ல் வந்த முதல் போனில் திரைக் கீபோர்டுகூட இல்லை. இழுத்துத் திறக்கிற நிஜக் கீபோர்டுதான். ஆனால் உள்ளே லினக்ஸ், வெளியே ஜாவா. கல்லூரியில் ஜாவா படித்த எந்தப் பையனும் ஒரு வாரத்தில் ஏதாவது எழுதிவிடலாம். போன் தயாரிப்பவருக்கோ லைசென்ஸ் கட்டணமே கிடையாது. எங்கள் அறையில் அந்தப் பயல் பார்த்ததும் நான் பார்க்கத் தவறியதும் இதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை

படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு கம்பெனியில் சிம்பியன் வேலை கிடைத்தது. 2011 பிப்ரவரி 11, வெள்ளிக்கிழமை. நோக்கியாவின் தலைவர் ஸ்டீஃபன் எலாப், இனி எங்கள் ஸ்மார்ட்ஃபோன்களில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் ஃபோன்தான் என்று அறிவித்தார். ஆபீஸில் அன்று மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சில மாதங்களில் எங்கள் டீம் கலைந்தது. தங்கை கல்யாணத்துக்கு அப்பா கடன் வாங்கியிருந்த நேரம். "உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று போனில் கேட்டார். "ஒண்ணும் ஆகாதுப்பா" என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. நோக்கியா போன திசையிலேயே நானும் போய் விண்டோஸ் ஃபோன் கற்றேன். நிஜமாகவே அழகான சிஸ்டம் அது. குறைந்த மெமரியிலும் வழவழவென்று ஓடும். ஆனால் 2012-ல் விண்டோஸ் ஃபோன் 8 வந்தபோது, ஏழாம் பதிப்பு போன் வைத்திருந்தவர்களுக்கு அது ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே இருந்த அஸ்திவாரத்தையே மாற்றிவிட்டார்கள். நம்பி வாங்கியவனும் நம்பி எழுதியவனும் சேர்ந்து ஏமாந்தோம்.

2013-ல் வெட்கத்தை விட்டு ரூம்மேட்டுக்கு போன் செய்தேன். 2008-ல் நான் செய்த கிண்டலை அவன் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. "ராத்திரி பத்து மணிக்கு மேல ஃப்ரீதான்டா, தினம் கூப்பிடு" என்றான். மூன்று மாதம் அப்படித்தான் ஆண்ட்ராய்டு படித்தேன்.

ஏன் தோற்றார்கள்?

தோற்ற நான்கு பேரும் முட்டாள்கள் இல்லை. பாம் கம்பெனியின் வெப் ஓ.எஸ். 2009-லேயே ஆப்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரலால் தள்ளிவிடுகிற முறையைக் கொண்டுவந்தது. இன்று நம் எல்லார் போனிலும் இருப்பது அதன் வாரிசுதான். அடுத்த ஆண்டே பாமை எச்.பி. வாங்கியது, 2011-ல் கையைக் கழுவிவிட்டது. பிளாக்பெர்ரி பாதுகாப்பில் கெட்டி. புதிதாக எழுதிய பிளாக்பெர்ரி 10 வந்ததோ 2013-ல். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரம்.

ஆப் எழுதுபவன் ஜனம் இருக்கிற இடத்துக்குப் போகிறான். ஜனம் ஆப் இருக்கிற இடத்துக்குப் போகிறது. இந்தச் சக்கரம் இரண்டு பேருக்குச் சுழன்ற பிறகு மூன்றாமவருக்கு இடமில்லாமல் போயிற்று. விண்டோஸ் ஃபோனைக் கொன்றது தொழில்நுட்பக் கோளாறு அல்ல. எதிர்பார்த்த ஆப் கடையில் இல்லாததுதான்.

ஜெயித்தவர்களுக்கும் குறை உண்டு. ஆப்பிளின் பலம் ஒரே கையில் எல்லாம் இருப்பது. அப்டேட் வந்தால் ஒரே நாளில் எல்லா நாட்டுக்கும் வரும். அதன் பலவீனமும் அதுவே: கதவு ஒன்று, சாவி அவர்களிடம். ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்திய பிறகுதான், 2024-ல், அங்கு மட்டும் வேறு ஆப் கடைகளுக்கு வழி விட்டார்கள். ஆண்ட்ராய்டின் பலம், எந்த விலையிலும் கிடைப்பது. ஆனால் அப்டேட் ஒவ்வொரு கம்பெனி வழியாக இறங்கி வருவதற்குள் போனே பழசாகிவிடும். 2017-ல் ட்ரெபிள் என்ற மாற்றத்தால் இதைக் கொஞ்சம் சரிசெய்தார்கள். 2023-ல் கூகுள் தன் பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டு அப்டேட் என்று வாக்குக் கொடுத்தது. 'திறந்த' சிஸ்டம் என்கிற பெயரும் முழு உண்மை இல்லை. கூகுள் ஆப்களைப் போன் தயாரிப்பாளர் தலையில் கட்டியதற்காக 2018-ல் ஐரோப்பிய ஆணையம் 434 கோடி யூரோ அபராதம் போட்டது. 2022-ல் நம் நாட்டுப் போட்டி ஆணையமும் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் போட்டது.

மிச்சம் என்ன?

இப்போது நான் மின்சார மீட்டர்களுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அதில் மெமரி கிலோபைட் கணக்கில்தான். கூட இருக்கும் இளம் பிள்ளைகள் "சார், மெமரி பத்தல" என்று வரும்போது, சிம்பியன் கற்றுக் கொடுத்த சிக்கனம்தான் கை கொடுக்கிறது. கற்ற பாஷை செத்துப்போனாலும் கை பழகின பழக்கம் சாகவில்லை. ஆனால் தம்பிகளே, ஒரே குதிரையில் மொத்தப் பணத்தையும் கட்டாதீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் என்ன படிக்கிறான் என்று எட்டிப் பாருங்கள்.

ரீயூனியனுக்கு என் ரூம்மேட்டும் வருகிறான். 6600-ஐக் கொண்டு வரப்போகிறேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட் இன்னும் அதில் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: யார் வீட்டிலாவது பழைய நோக்கியாவின் தடித்த பின் சார்ஜர் இருந்தால், மறக்காமல் எடுத்து வாருங்கள்!

— 2005-2009 அணி, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு