கதவுக்கு வெளியே நின்ற விஞ்ஞானி

லேசர் என்னும் சொல் இன்று உலக மொழிகள் பலவற்றிலும் வழங்குகின்றது. கண்ணுக்குச் சத்திர சிகிச்சை செய்யும் வைத்தியரும், கடலடிக் கண்ணாடி இழையிற் செய்தி அனுப்புவோரும், கடையில் விலைக்குறியைப் படிக்கும் சிற்றாளும் அவ்வொளியின் துணையையே நாடுகின்றனர். ஆயின், அச்சொல்லைத் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்த விஞ்ஞானி, அக்கருவியை ஆக்க முயன்ற ஆய்வுகூடத்தினுள் நுழையவே அனுமதி பெறாதிருந்தார் என்பதைப் பலர் அறியார்.

கோர்டன் கூல்ட் என்பவர் 1920ஆம் ஆண்டு நியூயோர்க் நகரிற் பிறந்தார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில், நோபெல் பரிசு பெற்ற பொலிகார்ப் கூஷ் என்னும் பேராசிரியரின் கீழ், தாலியம் என்னும் உலோகத்தின் அணுக்களை ஆராய்ந்து வந்தார். அணுக்களை ஒளியினாலேயே உயர்ந்த சக்திநிலைக்கு ஏற்றும் முறை அவருக்கு அங்கே கைவந்தது. அவ்வாறு ஏறி நிற்கும் அணுவின்மீது தக்க ஒளி பட்டால், அவ்வணுவும் அதே வகை ஒளியை உமிழும். இரு கண்ணாடிகளை எதிரெதிரே நிறுத்தி, அவற்றினிடையே ஒளியை மீண்டும் மீண்டும் ஓடச்செய்தால், அது பெருகி ஒரே நிறமும் ஒரே திசையும் கொண்ட கற்றையாகும் என்று கூல்ட் கணித்தார். 1957ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி, இனிப்புக் கடை நடத்திய பிரசித்த நொத்தாரிசு ஒருவரிடம் அக்குறிப்புகளைக் கொண்டுசென்று ஒப்பமும் முத்திரையும் பெற்றார்.

ஆனால், இயங்கும் கருவியைக் காட்டினாலன்றி ஆக்கவுரிமை கிடையாது என்று அவர் பிழைபட எண்ணினார். அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சார்ல்ஸ் டவுண்சும், பெல் ஆய்வுகூடத்தின் ஆர்தர் ஷாலோவும் இக்கருத்தையே தம் வழியில் அடைந்து, 1958ஆம் ஆண்டில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டனர். கூல்டின் விண்ணப்பமோ 1959ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலேதான் சென்றது.

இதனிடையே கூல்ட் கலாநிதிப் பட்டத்தைக் கைவிட்டு, டி. ஆர். ஜி. என்னும் சிறு கம்பனியிற் சேர்ந்தார். அக்கம்பனி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையிடம் 3 இலட்சம் டொலர் கேட்டது. கிடைத்ததோ ஏறக்குறைய 10 இலட்சம் டொலர். கேட்டதற்கு மேல் கொடுத்த அரசு, அம்முயற்சியை இரகசியம் என்றும் அறிவித்தது. 1940களில் கூல்ட் மார்க்சியக் கல்வி வட்டமொன்றிற் பங்குகொண்டிருந்தார். அதனைக் காரணங் காட்டி அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. உடனாய்வாளர் அவரிடம் வந்து ஐயங்களைக் கேட்கலாம். ஆனால் ஆய்வின் முடிவை அவருக்குச் சொல்லலாகாது. சிந்தித்தவர் ஒரு கட்டடத்தில். சிந்தனை செயலாகும் இடம் வேறொரு கட்டடத்தில்!

1960ஆம் ஆண்டு மே 16ஆம் திகதி, கலிபோர்னியாவில், தியோடர் மெய்மன் என்பவர் செயற்கை மாணிக்கக் கோலொன்றையும் சுருள்வடிவான மின்வெட்டு விளக்கையும் கொண்டு உலகின் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். டி. ஆர். ஜி. கம்பனி பிந்திவிட்டது. 1962ஆம் ஆண்டிலே, சீசிய ஆவியை ஒளியால் தூண்டி இயக்கும் லேசரை அக்கம்பனியார் ஆக்கியபோது, அவ்வெற்றியிற் கூல்டுக்கும் பங்கிருந்தது. 1964ஆம் ஆண்டின் நோபெல் பரிசு டவுண்சுக்கும், சோவியத் விஞ்ஞானிகளான பாசோவ், புரோகொரோவ் ஆகியோருக்கும் உரியதாயிற்று.

கூல்ட் தளர்ந்தாரல்லர். வழக்குச் செலவுக்காக வருங்கால வருவாயிற் பெரும்பகுதியைப் பிறருக்கு எழுதிக்கொடுத்தும் போராடினார். 1977ஆம் ஆண்டு அவருடைய முதலாவது முக்கிய லேசர் ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. 1987ஆம் ஆண்டு மற்றொன்றும் கிடைத்தது. இதற்குள் லேசர் பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டமையால், தாமதமே அவருக்குச் செல்வமாயிற்று. 2005ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இன்று சீசியம், ருபீடியம் ஆகியவற்றின் அணுக்களை லேசர் ஒளியால் ஆயத்தஞ்செய்து, காலத்தையும் காந்தப் புலத்தையும் மிக நுட்பமாக அளக்கும் கருவிகளைச் சிறு கம்பனிகளும் ஆக்குகின்றன. அங்கே பணிபுரியும் ஒளியியல் ஆய்வாளரின் முன்னோருள் கூல்டும் ஒருவர். சிறு கம்பனி துணிந்து இடமளித்தது. அரசு தாராளமாகப் பணமளித்தது. ஆயினும் முதற்பெருமை வேறிடஞ் சென்றது. கூல்ட் உள்ளே இருந்திருந்தால் டி. ஆர். ஜி. முந்தியிருக்குமோ என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயின், பெரும்பொருள் செலவிட்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டு, அதனை நன்கறிந்தவரையே வெளியே நிறுத்துவது எந்நாட்டுக்கும் இலாபமாகாது என்பதை மட்டும் இவ்வரலாறு ஐயமின்றி உணர்த்துகின்றது.