தூசியாக வந்த காரீயம்: ஜன்னல் பிளைண்ட்ஸின் கதை

வங்கி மேனேஜர் அறை, டாக்டர் கிளினிக், கம்ப்யூட்டர் கம்பெனி என்று எங்கே போனாலும் ஜன்னலில் பட்டை பட்டையாகத் தொங்குகிறதே, அதுதான் பிளைண்ட்ஸ். கயிற்றை இழுத்தால் மேலே போகும். குச்சியைத் திருகினால் பட்டைகள் திரும்பி வெளிச்சம் வரும். பார்க்க அழகுதான். ஆனால் சுத்தம் செய்வதென்றால்? ஃபேனுக்கு மூன்றே இறக்கை. இதற்கோ ஐம்பது, அறுபது பட்டைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம்!

இதன் வரலாற்றைப் பார்த்தால், பொருள் மாறும்போதெல்லாம் சுத்தம் செய்யும் வேலை கொஞ்சம் குறைந்துகொண்டே வந்திருப்பது தெரியும். ஆனால் அந்த வரிசையில் மிகச் சுலபமானது, மிக மலிவானது என்று கடைசியில் வந்த ஒன்று, அமெரிக்காவில் சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்தாக முடிந்தது.

மரப்பட்டைக் காலம்

பெயர் வெனீஷியன் பிளைண்ட் என்றாலும், பிரெஞ்சுக்காரர்கள் இதே மாதிரியான ஜன்னல் மறைப்புக்குப் பாரசீகத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் சரக்கு என்பதில் இப்படி ஒரு குழப்பம். லண்டனில் எட்வர்ட் பெரன் என்பவர் 1769ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் அதே காலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது.

அப்போது பட்டைகள் மரம். அவற்றைத் தாங்கியது ஏணி போலத் தைத்த துணி நாடா. தண்ணீர் பட்டால் மரம் வளையும், பெயின்ட் உரியும். அதனால் காய்ந்த துணியால் ஒவ்வொரு பட்டையாகத் துடைக்க வேண்டும். நாடாவில் ஏறிய அழுக்கோ துடைத்தாலும் போகாது.

1930களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டர் போன்ற பெரிய கட்டடங்களில் ஆயிரக்கணக்கான ஜன்னல்களுக்கு இதை மாட்டினார்கள். மாட்டிவிட்டால் போதுமா? யார் துடைப்பது? பிளைண்ட்ஸைக் கழற்றிக்கொண்டு போய், கழுவி, புது நாடாவும் கயிறும் போட்டுத் திரும்ப மாட்டித் தருவதே அமெரிக்காவில் ஒரு தொழிலாக நடந்தது.

அலுமினியம் வந்தது

1946ல் ஹென்றி சோனன்பெர்க், ஜோ ஹன்டர் என்ற இருவர் கூட்டுச் சேர்ந்து அலுமினியத்தைத் தொடர்ச்சியாக வார்த்து மெல்லிய பட்டையாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஹன்டர் டக்ளஸ் என்ற நிறுவனம் பிறந்தது இப்படித்தான். அலுமினியம் ஈரத்துக்கு வளையாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். பிறகு அகலமான நாடா போய் மெல்லிய நூல் வந்தது, அழுக்குப் பிடிக்கும் இடமும் குறைந்தது. ஒரே குறை, கை தவறி மடங்கினால் அந்த மடிப்பு போகாது.

ஐந்து டாலர் பிளைண்ட்

அடுத்து வந்தது பிவிசி, அதாவது வினைல். மடங்காது, துருப்பிடிக்காது, குளியல் தொட்டியில் போட்டு அலசலாம். விலையோ 5 முதல் 10 டாலர்தான். சீனா, தைவான், மெக்சிகோ, இந்தோனேசியா நாடுகளிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2.5 கோடி அமெரிக்காவில் இறக்குமதியாயின.

பிவிசிக்கு ஒரு பலவீனம் உண்டு. சூட்டிலும் வெயிலிலும் அது சிதையும். அதைத் தடுக்கக் காரீயச் சேர்மங்களைக் கலந்தார்கள். (பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வேறு, அது வெள்ளீயம். இது நச்சு.) ஆனால் பிளைண்ட்ஸ் தொங்குவதே வெயில் அடிக்கும் ஜன்னலில்! வருடக்கணக்கில் காய்ந்ததும் மேற்பரப்பு சிதைந்து, உள்ளே இருந்த காரீயம் மெல்லிய தூசியாக வெளியே வந்தது.

முதலில் எச்சரித்தவை அரிசோனா, வட கரோலினா மாநிலங்களின் சுகாதாரத் துறைகள். நாசா ஆய்வகம் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்து உறுதி செய்தது. 1996 ஜூனில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் விஷயத்தை வெளியிட்டது. எல்லா பிளைண்ட்ஸும் ஒரே அளவு மோசமில்லை. ஆனால் சிலவற்றில், ஒரு சதுர அங்குலத்துக்கும் குறைவான இடத்துத் தூசியைக் குழந்தை தினமும் விழுங்கினால், 15 முதல் 30 நாளில் ரத்தத்தில் காரீயம் ஆபத்தான அளவைத் தொடும் என்றது ஆணையம். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பது, அதே கையை வாயில் வைப்பது... குழந்தைகள் செய்வதுதானே!

துடைத்துவிட்டால் சரியாகாதா? ஆகாது. சாதாரணத் தூசி வெளியிலிருந்து வந்து படிவது. இந்தத் தூசி பட்டையிலிருந்தே வருவது. இன்று துடைத்தால் வெயில் பட்டு மறுபடி வரும். காய்ந்த துணியால் தட்டினால் வீடெல்லாம் பரவும். அதனால்தான் ஆறு வயதும் அதற்குக் குறைவாகவும் உள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளில் அவற்றைக் கழற்றிவிடச் சொன்னது ஆணையம்.

அன்று ஆபத்தான அளவு என்று வைத்திருந்தது டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 2021ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கவனிக்க வேண்டிய அளவை 3.5 ஆகக் குறைத்தது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே தெரியவில்லை என்பதுதான் இன்றைய நிலை.

இதில் வணிகக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. காரீயம் சேர்க்காத புதிய பிளைண்ட்ஸ் என்ன விலைக்கு வரும் என்று அப்போது சொன்னார்கள் தெரியுமா? அதே 5 முதல் 10 டாலர்! வாங்குபவருக்கு ஒரு பைசா லாபமில்லாமல் குழந்தைகள்தான் அந்த ஆபத்தைச் சுமந்திருக்கிறார்கள்.

இன்று வீட்டில் என்ன செய்யலாம்?

மரமென்றால் காய்ந்த மெல்லிய துணி. அலுமினியமென்றால் பட்டைகளை மூடிவிட்டு, ஈரத் துணியால் மெதுவாக ஒரே திசையில் துடைக்க வேண்டும். துணியில் செய்ததென்றால் வேக்குவம் கிளீனரின் பிரஷ் போதும். எப்போது வாங்கியது என்றே தெரியாத, வெயிலில் காய்ந்து நொறுங்கும் பழைய வினைல் என்றால் தட்டாதீர்கள். கழற்றி மாற்றிவிடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், கட்டாயம்.