தூண் கொணர்ந்த சாக்சனியர்

இடைக்காலச் செர்மானிய வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. கி.பி. 772 முதல் 804 வரை சார்லமேன் மன்னர் சாக்சனியர்மீது ஓயாது போர் தொடுத்து, அவர்களை வாள்முனையில் கிறித்தவராக்கினார். அங்ஙனம் அடக்கப்பட்ட குலத்திலிருந்தே 919-இல் ஹென்றி என்பார் அரசரானார். அவர் மகன் ஒட்டோ 962-இல் உரோமாபுரியில் பேரரசராக முடிசூடினார். (இன்று சாக்சனி எனப்படும் மாநிலம் வேறு, பழைய சாக்சனி வடகடல் பக்கமிருந்து ஹார்ட்ஸ் மலைவரை பரந்து கிடந்தது.)

உரோமர் ஆட்சி நிலைபெறாத மண் அது. பழைய மண்டபமும் இல்லை, பளிங்குத் தூணும் இல்லை. அத்தகைய நாட்டிலிருந்து உரோமப் பேரரசர் என்னும் பெயரைத் தாங்குவது எங்ஙனம்? ஒட்டோ தூண்களையே கொண்டுவந்துவிட்டார்! எல்ப ஆற்றங்கரையிலுள்ள மாக்டபர்க் நகரில் 937-இல் ஒரு மடம் நிறுவினார். அதன் கோயிலுக்கு விலைமிக்க பளிங்கைத் தருவித்தார் என்றும், தூண்களின் போதிகைகளில் புனிதர்தம் திருப்பண்டங்களை வைப்பித்தார் என்றும் தீட்மார் என்னும் ஆயர் எழுதியுள்ளார். 1207-இல் அக்கோயில் தீக்கிரையாயிற்று. 1209-இல் புதிய பேராலயத்தைத் தொடங்கியோர் பழந்தூண்களை எறிந்துவிடவில்லை. பாரம் தாங்குவதைவிடப் பார்வைக்காகவே அவற்றைக் கருவறைப் பகுதியில் மீண்டும் நிறுத்தினர். இன்றும் அவை அங்கு நிற்கின்றன. ஒட்டோவின் கல்லறையும் அவ்விடத்ததே.

இதனை வெறும் இரவல் பெருமை என்று தள்ளிவிடலாமோ? ஹில்டெஸ்ஹைம் நகரைக் காணாதவர் அப்படிச் சொல்லக்கூடும்.

அந்நகரின் ஆயர் பெர்ன்வார்ட், முதலாம் ஒட்டோவின் பேரனான மூன்றாம் ஒட்டோவுக்கு ஆசிரியராக இருந்தவர். இச்செய்தி நம் தொழிலினர்க்கு உவப்பளிக்கும். 1001-இல் உரோமாபுரி சென்ற அவர், திராஜன் மன்னரின் வெற்றித்தூணைக் கண்டிருத்தல் வேண்டும். ஏனெனில், அதனைப் போலவே சுருள்சுருளாக மேலேறும் சிற்பங்களுடன் ஒரு வெண்கலத் தூண் ஹில்டெஸ்ஹைமில் உள்ளது. ஆனால் அதிற் செதுக்கப்பட்டிருப்பது படையெடுப்பு அன்று, இயேசுவின் வாழ்க்கை. தூணைக் கொணராமல், தூண் என்னும் கருத்தைக் கொணர்ந்து தம் மண்ணில் வார்த்தனர்.

அதனினும் சிறந்தவை 1015-ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற வெண்கலக் கதவுகள். ஏறத்தாழ 4.7 மீட்டர் உயரமுள்ள ஒவ்வொரு கதவும் ஒரே வார்ப்பு. சார்லமேன் ஆகன் நகரில் வார்ப்பித்த கதவுகளில் கதைச் சிற்பம் கிடையாது. இங்கோ பதினாறு காட்சிகள். இடக்கதவில் ஆதாமின் கதை மேலிருந்து கீழிறங்கி ஆபேலின் கொலையில் முடிகிறது. வலக்கதவில் இயேசுவின் கதை கீழிருந்து மேலேறுகிறது. வீழ்ச்சியும் மீட்சியும் இரு கதவுகளிலும் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு காட்சி மட்டும் சொல்கிறேன். இறைவன் விரல் நீட்டி ஆதாமை வினவுகிறார். ஆதாம் குனிந்தபடி ஏவாளைக் காட்டுகிறான். ஏவாளோ காலடியிலுள்ள பாம்பைச் சுட்டுகிறாள். பழியை அடுத்தவர்மேல் தள்ளும் வகுப்புப் பிள்ளைகளை அறிந்த எவர்க்கும் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. பின்புலம் பெரும்பாலும் வெறுமை. உடல்கள் உரோமச் சிற்பத்தின் அழகளவுக்கு உட்பட்டவையல்ல. ஆயினும் அவ்விரல்களில் உள்ள உயிர் இரவல் வாங்கியதன்று.

1945 மார்ச்சு 22-இல் குண்டுவீச்சு ஹில்டெஸ்ஹைமை அழித்தது. பேராலயமும், பெர்ன்வார்ட் எழுப்பிய புனித மைக்கேல் கோயிலும் இடிந்தன. கதவுகளை முன்னரே கழற்றிப் பாதுகாத்திருந்தமையால் அவை தப்பின. கோயில்கள் மீண்டும் கட்டப்பெற்றன. 1985-இல் இரண்டும் உலக மரபுச் சின்னங்களாயின.