பான்ஃப்: ஒரு விடுமுறை ஊர் உருவான கதை

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைத்தொடருக்கு நடுவே உள்ள சின்ன ஊர் பான்ஃப். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 8,305 தான். ஆனால் ஊரைச் சுற்றியிருக்கும் தேசியப் பூங்காவுக்கு ஓர் ஆண்டில் வருகிறவர்கள் சுமார் 40 லட்சம் பேர்! கால்கரி நகரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக வருபவர்களின் திட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். வெந்நீர் ஊற்றில் ஒரு குளியல், ரோப் காரில் மலையுச்சிக்கு ஒரு பயணம், கோட்டை போல நிற்கும் பழைய ஓட்டலின் முன்னால் ஒரு புகைப்படம், அப்புறம் போ ஆற்றை ஒட்டிய பழைய சாலையில் லூயிஸ் ஏரி வரை ஒரு சவாரி.

இதில் ரோப் காரை விட்டுவிடலாம், அது பிற்காலத்தில் வந்தது. மற்ற மூன்றும் எப்படி அங்கே வந்தன என்பதுதான் இந்த ஊரின் வரலாறு.

1883இல் கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் மலைகளுக்கு ஊடே தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு வந்த ஃபிராங்க் மெக்கேப், வில்லியம் மெக்கார்டெல், டாம் மெக்கார்டெல் என்ற மூவர், கந்தக மலை அடிவாரத்தில் ஒரு குகைக்குள் வெந்நீர் ஊறுவதைப் பார்த்தார்கள். "கண்டுபிடித்தார்கள்" என்று பல புத்தகங்கள் சொல்லும். ஆனால் அந்த ஊற்றுகள் பழங்குடி மக்களுக்குப் பல தலைமுறைகளாகத் தெரிந்தவை. காசு கொடுத்துக் குளிக்க ஆள் வருவார்கள் என்று முதலில் யோசித்தது வேண்டுமானால் இந்த மூவராக இருக்கலாம்!

ஊற்று யாருக்குச் சொந்தம் என்று சண்டை வந்ததும், அரசு உள்ளே புகுந்தது. 1885 நவம்பரில் ஊற்றைச் சுற்றி 26 சதுர கிலோமீட்டர் நிலத்தைத் தனியாருக்கு விற்காமல் அரசே ஒதுக்கி வைத்துக்கொண்டது. 1887இல் அதை 673 சதுர கிலோமீட்டராக்கிச் சட்டம் போட்டார்கள். கனடாவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். காட்டையும் விலங்கையும் காப்பாற்றத்தான் பூங்கா பிறந்தது என்று இன்று நினைக்கத் தோன்றும். அன்றைய கணக்கே வேறு. கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட ரயில் பாதையில் டிக்கெட் வாங்க ஆள் வேண்டும். மலைக்காட்சியை மூட்டை கட்டி ஏற்றுமதி செய்ய முடியாது, அதனால் சுற்றுலாப் பயணிகளை இறக்குமதி செய்வோம் என்ற பொருளில் ரயில்வேயின் வில்லியம் கொர்னீலியஸ் வான் ஹோர்ன் பேசியதாகச் சொல்வார்கள். அவருடைய நிறுவனம்தான் 1888இல் பான்ஃப் ஸ்பிரிங்ஸ் ஓட்டலைத் திறந்தது. (கட்டும்போது கட்டடத்தைத் திசை மாற்றி வைத்துவிட்டார்களாம். ஆற்றுப் பள்ளத்தாக்கின் அழகான காட்சி சமையல்காரர்களுக்குக் கிடைத்ததாக ஒரு கதை உண்டு.) ஊரின் பெயர்கூட உள்ளூர்ப் பெயர் இல்லை. ஸ்காட்லாந்தின் பான்ஃப்ஷயரிலிருந்து வந்தது.

பூங்கா என்றால் என்ன என்பதே அப்போது தெளிவாக இல்லை. பூங்கா எல்லைக்குள்ளேயே பாங்க்ஹெட் என்ற நிலக்கரிச் சுரங்கம் 1903 முதல் 1922 வரை ஓடியது. அதை நடத்தியதும் அதே ரயில்வேதான். 1907 முதல் 1937 வரை ஊரில் ஒரு மிருகக்காட்சிசாலையும் இருந்தது, பனிக்கரடி உட்பட!

சுரங்கத்துக்கு இடம் இருந்தது. ஓட்டலுக்கு இடம் இருந்தது. ஸ்டோனி நகோடா மக்களுக்கு மட்டும் இடம் இல்லாமல் போனது. அவர்கள் அந்தப் பள்ளத்தாக்குகளில் வேட்டையாடி வாழ்ந்தவர்கள். 1877இல் கையெழுத்தான ஏழாம் உடன்படிக்கையில், வேட்டையாடும் உரிமை தொடரும் என்றுதான் எழுதியிருந்தது. அரசு போடும் விதிகளுக்கு உட்பட்டு என்ற வாலும் கூடவே இருந்தது. அந்த வால்தான் பிறகு வேலையைக் காட்டியது. பூங்கா விதிகள் வேட்டையைத் தடுத்தன. அவர்கள் கிழக்கே மார்லியில் உள்ள ஒதுக்கீட்டு நிலத்தோடு நிற்க வேண்டியதாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், அதே மக்களை ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குள் அழைத்தார்கள். வெள்ளத்தில் ரயில் பாதை உடைந்து பயணிகள் ஓட்டலில் மாட்டிக்கொண்டபோது, அவர்களுக்குப் பொழுது போவதற்காக ஸ்டோனி மக்களை வரவழைத்ததில் தொடங்கியது என்று சொல்லப்படும் விழா அது. குதிரைப் பந்தயம், நடனம், கூடாரங்கள், ஊர்வலம் என்று 1978 வரை நடந்தது. அதை வெறும் காட்சிப் பொருளாகிப்போன கதை என்று மட்டும் பார்ப்பது சரியில்லை. பல ஸ்டோனி குடும்பங்களுக்கு, தங்கள் பழைய இடத்துக்குத் திரும்பி வந்து கூடாரம் போட்டு உறவினர்களோடு இருக்கக் கிடைத்த சில நாட்கள் அவை. ஒரு வகையில் அவர்களும் குடும்பத்தோடு பான்ஃபுக்கு வந்தார்கள், தங்கள் சொந்த மண்ணுக்கே விருந்தாளியாக.

இனி அந்தப் பழைய சாலை. முதலில் பூங்காவுக்குள் மோட்டார் கார்களுக்கே தடை இருந்தது. அந்தத் தடை தளர்ந்ததும் சாலை தேவைப்பட்டது. அந்த நேரத்தில்தான் முதல் உலகப் போர் வந்தது.

போருக்கு முன்பு, மேற்குச் சமவெளியில் விவசாயம் செய்ய ஆள் வேண்டும் என்று கனடா அரசே கிழக்கு ஐரோப்பாவில் விளம்பரம் செய்து, 160 ஏக்கர் நிலம் தருவதாகச் சொல்லி மக்களை அழைத்தது. அப்படி வந்தவர்களில் உக்ரைனியர்கள் ஏராளம். ஆனால் அவர்கள் வந்த கலீசியா அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது. 1914இல் போர் தொடங்கியதும், அந்த ஒரே காரணத்துக்காக அவர்கள் "எதிரி நாட்டவர்" ஆகிவிட்டார்கள். நாடு முழுவதும் 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். பலர் செய்த குற்றம், வேலையில்லாமல் இருந்தது மட்டுமே.

1915 ஜூலையில் காசில் மலை அடிவாரத்தில், முள்வேலிக்குள் கூடாரங்களோடு ஒரு முகாம் திறக்கப்பட்டது. குளிர்காலம் வந்ததும் கைதிகளை பான்ஃபுக்கு, அதே வெந்நீர்க் குகைக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகைகளுக்கு மாற்றினார்கள். மண்வெட்டி, கடப்பாரை, தள்ளுவண்டி ஆகியவற்றை வைத்துக்கொண்டு லூயிஸ் ஏரியை நோக்கிச் சாலை போட்டார்கள். நாள் கூலி 25 காசு. ஒரு சாதாரண சிப்பாய்க்குக் கிடைத்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. 1917இல் ஊரில் முதல் குளிர்காலத் திருவிழா நடந்தபோது, விருந்தினர்கள் ரசித்த பனிக்கட்டி மாளிகையைக் கட்டியதும் இந்தக் கைதிகள்தான். அந்த ஆண்டு கோடையில் முகாம் மூடப்பட்டது. வெளியே ஆள் பற்றாக்குறை வந்துவிட்டதால், முன்பு ஆபத்தானவர்கள் என்று அடைக்கப்பட்டவர்கள் திடீரென்று நல்ல தொழிலாளிகள் ஆகிவிட்டார்கள்!

அதன் பிறகு பல பத்தாண்டுகள் இந்த விஷயத்தைப் பற்றி அங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1930இல் புதிய தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் பூங்கா இடம் பிடித்தது, 1990இல் பான்ஃப் தனி நகராட்சி ஆனது. (இன்றும் அங்கே நிலத்தை யாரும் சொந்தமாக வாங்க முடியாது, குத்தகைதான்.) உக்ரைனிய-கனடியர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததால், 1995இல் காசில் மலைக்கு எதிரே, சாலையோரத்தில் ஒரு சிலை வைக்கப்பட்டது. 2013இல் வெந்நீர்க் குகை அருகே ஒரு நிரந்தரக் கண்காட்சியும் திறக்கப்பட்டது.

லூயிஸ் ஏரிக்குப் போகும் கார்கள் அந்தச் சிலையைக் கடந்துதான் போகின்றன. சிலையில் இருப்பது ஒரு தனி மனிதன். அதற்கு வைத்த பெயர் "ஏன்?"