தலைதட்டிய படி

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டுப் பழமொழி. அளவு பிழைத்தால் பலகாரம் கெடும் என்பதை வீட்டிலுள்ள பெண்மணிகள் அறிவர். அளவு பிழைத்தால் நியாயமும் கெடும் என்பதை வரலாறு அறியும். அவ்வரலாற்றில் சில செய்திகளை இன்று காண்போம்.

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவையை நால்வகையாக வகுத்தனர் நம் முன்னோர். சமையற்பண்டங்களுக்கு முகத்தலும் எடுத்தலுமே பெரிதும் வேண்டப்படுவன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஆகவே ஒரு கலத்திற்கு 96 நாழி.

ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் நமது தொண்டைநாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில் தங்கியிருந்தான். அங்கிருந்தே அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு 290 காசு அளித்தான். காசொன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம். அந்நெல்லைக் கொண்டு நாள்தோறும் படைக்க வேண்டிய அமுதின் அளவுகளையும் கல்வெட்டு வகுத்துரைக்கின்றது. அரிசியும் நெய்யும் முகத்தலளவையில் கூறப்பெறுகின்றன; சர்க்கரையோ பலம் என்னும் எடையில் கூறப்பெறுகின்றது. கட்டிபட்டுக் கிடக்கும் பண்டத்தை நாழியில் அளந்தால் இடையிடையே வெற்றிடம் விழும், நிறுத்தால் அக்குறையில்லை.

ஆயினும், நாழி ஊருக்கு ஊர் வேறுபட்டால் கல்லில் எழுதிய அளவும் பயனற்றதாகுமன்றோ? ஆகவே தஞ்சைப் பெரிய கோயிலில் "ஆடவல்லான்" என்னும் மரக்காலால் நெல் அளக்கப்பட்டது. அது "ராஜகேசரி" என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்றும் கல்வெட்டுகள் குறிக்கின்றன. இன்ன மரக்கால் எனப் பெயர் சொல்லிவிட்டால் கொடுப்பவனும் வாங்குபவனும் வழக்காட இடமில்லை.

எங்கள் திருத்தணி எல்லைப்புற ஊர். சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1960 ஏப்ரல் 1ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தமிழர் ஆழாக்கும் படியும் சொல்ல, தெலுங்கர் சோலயும் மானிகயும் சொல்லுவர். நான் சிறுவனாயிருந்தபோது, ஆடிக் கிருத்திகை மாவிளக்குக்குப் பச்சரிசி மாவை என் பாட்டியார் பித்தளைப் படியால் அளப்பார். மேலே குவிந்ததை உள்ளங்கையால் வழித்துத் தள்ளுவார். "தலைதட்டாத படி பொய் சொல்லும்" என்பார். அதன் பொருளைப் பின்னர்க் களத்துமேட்டில் கண்டேன். ஒருவர் கடன் நெல்லைத் திரும்பப் பெறும்போது படியைக் கோபுரமாகக் குவித்து வாங்கினார். கூலி கொடுக்கும்போதோ தலைதட்டி அளந்தார். படி ஒன்றே, அளந்த முறைதான் வேறு. கூலியாளின் முகம் வாடியதை நான் இன்னும் மறக்கவில்லை.

மேல்நாட்டிலும் இச்சிக்கல் இருந்தது. அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்னும் சமையற்கலை ஆசிரியை, 1896இல் வெளியிட்ட நூலில், கரண்டியையும் கோப்பையையும் தலைதட்டியே அளக்க வேண்டுமென வற்புறுத்தினார். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவை வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. பலமும் வீசையும் கடைகளிலிருந்து மறைந்தன.

இன்று ரொட்டியும் கேக்கும் வீட்டிலேயே சுடுகின்றனர். நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். சலித்த மாவை ஒரு டம்ளரில் மெல்லத் தூவி, கத்தியின் முதுகால் தலைதட்டி நிறுங்கள். பின்னர் அதே டம்ளரில் மாவை அழுத்தி நிரப்பி நிறுங்கள். ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எடை கூடியிருக்கக் காண்பீர்கள். மாவு நுண்துகள்களின் கூட்டம். துகள்களுக்கிடையே காற்று உண்டு. அழுத்தினால் காற்று வெளியேறுகிறது, மாவு மிகுகிறது, ரொட்டி கெட்டியாகிறது. ஆதலின் மாவையும் சர்க்கரையையும் நிறுத்தலே நன்று. நீரையும் பாலையும் கோடிட்ட பாத்திரத்தில் ஊற்றி, சமதளத்தில் வைத்துக் கண்மட்டத்தில் நோக்குக. உப்புக்கும் சோடா உப்புக்கும் 5 மில்லிலிட்டர் கொள்ளும் சிறுகரண்டியைத் தலைதட்டிப் பயன்படுத்துக.

கருவி செம்மையாயிருந்தால் மட்டும் போதாது. அளக்கும் கையும் செம்மையாயிருத்தல் வேண்டும். பிறருக்கு அளக்கும்போதும் நமக்கு அளக்கும்போதும் ஒரே முறையில் அளப்போமாக.