எழுந்து ஆடினால் வரி

வீக்கெண்ட்ல கிளப்புக்குப் போனா வாசல்லயே கவர் சார்ஜ், உள்ள பில்லுல வரி தனி. இதைப் பார்த்து நாம புலம்புறோம். 1944-ல் அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு வரி, மக்கள் ஆடுறதையே நிறுத்திடுச்சு.

இரண்டாம் உலகப் போர் நேரம். அரசாங்கத்துக்குப் பணம் வேணும். கேபரே வரின்னு ஏற்கெனவே ஒண்ணு இருந்தது. அதை ஏப்ரல் 1 முதல் 30 சதவீதமா ஏத்திட்டாங்க. நுழைவுக் கட்டணத்துக்கு மட்டும் இல்லை. சாப்பாடு, குடி எல்லாத்துக்கும். 10 டாலர் பில்னா, அதுக்கு மேல 3 டாலர் வரி.

எனக்கு ஆர்வமா இருந்தது அதில் இருந்த ஒரு விதிவிலக்குதான். மேடையில் யாராவது பாடினா வரி உண்டு. வந்தவங்க எழுந்து ஜோடியா ஆடினாலும் உண்டு. வெறும் வாத்திய இசைன்னா கிடையாது. முதலாளிகள் கணக்குப் போட்டாங்க. பாடகிக்கு வேலை போச்சு, டேப் டான்ஸருக்கும் போச்சு. ஆடின தரையில் மேசை போட்டாங்க. ‘இங்கே ஆடக் கூடாது’ன்னு போர்டும் வந்தது. யோசிச்சுப் பாருங்க, நைட்கிளப்புல அந்த போர்டு!

இதனாலதான் பீபாப் ஜாஸ் பிறந்ததுன்னு சிலர் சொல்லுவாங்க. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஹார்லெமில் மின்டன்ஸ் பிளேஹவுஸில் தெலோனியஸ் மாங்க், டிஸ்ஸி கில்லெஸ்பி எல்லாம் வரி ஏறுறதுக்கு முன்னாடியே அந்த இசையைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. பெரிய பேண்டுகளுக்கு வேற அடிகளும் விழுந்தன: கலைஞர்கள் ராணுவத்துக்குப் போயிட்டாங்க, ஊர் ஊராப் போக பெட்ரோல் ரேஷன். ஆனா நாலஞ்சு பேர் வேகமா வாசிக்க, கூட்டம் உட்கார்ந்து கேட்கிற இசைக்கு, வரியே இல்லாத ஒரு அறை கிடைச்சது. அது சின்ன உதவி இல்லை.

30 சதவீதம் சில மாசம்தான் தாங்குச்சு. அதே வருஷம் 20 ஆச்சு. போர் 1945-ல் முடிஞ்சது. வரி முடியலை! 1960-ல் 10 சதவீதம் ஆச்சு, 1965-ல்தான் ஒரேயடியா எடுத்தாங்க. அதுக்குள்ள வேலை போன டேப் டான்ஸர்கள் பலர் வேற பிழைப்புக்குப் போயிருந்தாங்க.