சாலைகள் சுற்றிப்போன மலை

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் ஜவ்வாது மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், அகலம் 32 கிலோமீட்டர். உயர்ந்த முகடுகள் 1100 மீட்டரைத் தாண்டும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர், காவலூர் வழியாக ஆலங்காயத்தில் இறங்கும் மலைச்சாலை, தமிழ்நாட்டில் சைக்கிளில் நெடும்பயணம் போவோர் தேடி வரும் வழிகளில் ஒன்று. மோட்டார் இரைச்சல் குறைந்த இத்தகைய சாலை சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே இன்னும் எஞ்சியிருப்பதற்குக் காரணம், கடந்த இருநூற்றைம்பது ஆண்டுகளில் போடப்பட்ட பெருவழிகள் எல்லாம் இந்த மலையைச் சுற்றிக்கொண்டு போனதுதான்.

இந்தச் சாலை சைக்கிளுக்கு ஏற்றதாக இருப்பதற்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். ஜவ்வாது மலை எரிமலை அன்று. சார்னோகைட்டும் நைஸ் பாறையும் சேர்ந்த மிகத் தொன்மையான நிலம் இது. ஆனால் அடிவாரத்தில், திருப்பத்தூர் அருகே சேவத்தூரில், பூமிக்கு அடியிலிருந்து எழுந்த பாறைக்குழம்பு மேலே வெடித்து வராமல் உள்ளேயே உறைந்த கார்பனடைட், சயனைட் பாறைகள் கிடைக்கின்றன. அவற்றின் வயது சுமார் 75 கோடி ஆண்டு. பக்கத்து ஏலகிரியின் பாறையும் சயனைட்டே. நெடுங்காலமாக மழையும் வெயிலும் தேய்த்துவிட்டதால் ஜவ்வாதின் மேற்பரப்பு கூர்மையை இழந்து, மேடும் பள்ளமுமான அகன்ற பீடபூமியாக விரிகிறது. ஏற்றம் அடிவாரத்தில்தான் கடுமை. மேலே போய்விட்டால் சாலை வயலையும் ஓடையையும் ஒட்டி அலை அலையாகப் போகும்; சைக்கிளுக்கு இதைவிடத் தோதான நிலம் அமைவது அரிது.

மனிதர் இங்கே நடமாடிய தடயம் மிகப் பழையது. கீழ்சேப்பிளியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் நிற்கின்றன. சங்க இலக்கியமான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் நூல். செங்கண்மா இன்றைய செங்கம். நூல் பேசும் நவிரமலை, ஜவ்வாதின் ஓரத்தில் தனித்து நிற்கும் பர்வதமலை என்று கருதப்படுகிறது. நூலின் 583 அடிகளில் அதைப் பாடிய புலவர் எந்த இடத்தில் வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைக்காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார். மலைப் பயணிக்கு இவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட வழிகாட்டி, நம் மொழியில் இதற்குப் பிறகும் அதிகம் இல்லை. மலையடிவாரத்தில் ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்த வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் ஏராளம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் அவற்றை ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது.

பெருவழிகள் விலகிப்போன கதை தெற்கே தொடங்குகிறது. சிங்காரப்பேட்டைக்கும் செங்கத்துக்கும் இடையே ஒரு கணவாய் உண்டு. மேற்கே பாராமகால் எனப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியிலிருந்து கிழக்கே அன்று கர்நாடிக் எனப்பட்ட தமிழ்நாட்டுச் சமவெளிக்கு இறங்கும் படைகள் இதன் வழியே வந்தன. 1767 செப்டம்பர் 3ஆம் தேதி ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கமும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை மறுபக்கமுமாகப் போரிட்டது இந்தச் செங்கத்தில்தான். கிருஷ்ணகிரியிலிருந்து புதுச்சேரி செல்லும் இன்றைய நெடுஞ்சாலையும் அதே கணவாயில் ஓடுகிறது. வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. 1856இல் சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை போடப்பட்ட இருப்புப்பாதை, பின்னர் மேற்கே நீண்டு ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று அந்தப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டது. சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையும் அதன் அருகிலேயே செல்கிறது. கிழக்கே போளூர் வழியாக விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை அமைந்தது. மலையைக் குறுக்கே கடக்க வேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

மேலே வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்கிறார்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று நாடு நாடாக அவர்களின் ஊர்கள் பிரிந்துள்ளன. சாமை, புளி, கடுக்காய், தேன், பலா, சீதாப்பழம் ஆகியவை தலைச்சுமையாகக் கீழே இறங்கின. உப்பும் துணியும் மேலே ஏறின. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காட்டின் பெரும்பகுதி காப்புக்காடானது. ஜவ்வாது அப்போது சந்தனத்துக்குப் பெயர் பெற்ற மலை. வெட்டிய மரம் திருப்பத்தூர்க் கிடங்குக்குப் போனது. அந்தச் சந்தன வளம் இருபதாம் நூற்றாண்டின் முடிவுக்குள் பெருமளவு சூறையாடப்பட்டுவிட்டது. இந்த மலை கண்ட இழப்புகளில் இது மிகக் கொடியது.

காவலூரின் வரலாறு வேறு. 1960களில் வானியல் ஆய்வுக்கு இருளான இடம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு இந்தக் காட்டைத் தேர்ந்தெடுத்தார். 725 மீட்டர் உயரத்தில் 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆய்வகம் தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977இல் யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்பது தெரியவந்தபோது அதை இங்கிருந்தும் கண்டார்கள். 1986இல் நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. ஊரிலிருந்தும் வாகனங்களிலிருந்தும் எழும் வெளிச்சம் குறைவாக இருப்பதே இந்த ஆய்வகத்தின் உயிர்.

சைக்கிள் இந்த மலையில் ஏறுவதற்கு அதன் உடலிலேயே ஒரு மாற்றம் தேவைப்பட்டது. மலைச் சைக்கிள் பயணத்தின் முன்னோடி, பிரான்சின் சேன்-எத்தியன் நகரில் வாழ்ந்த பால் தெ விவி. ‘வெலோசியோ’ என்ற புனைபெயரால் அறியப்பட்டவர். அணைந்துபோன எரிமலைகள் நிறைந்த பிரான்சின் நடுமலைப் பகுதிக்கு அருகே வாழ்ந்த அவர், 1887இல் சைக்கிளுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். அவசரமின்றி, இயற்கையைப் பார்த்தபடி நெடுந்தூரம் போவதையும், ஏற்றத்துக்கு ஏற்ப மாற்றக்கூடிய பல கியர்களையும் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தினார். டூர் டி பிரான்ஸ் பந்தயமோ செயினை மாற்றிப்போடும் கியருக்கு 1937 வரை இடம் தரவில்லை. பந்தயக்காரர்களைவிடப் பயணிகளே சைக்கிளின் தேவையை முன்னதாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

தமிழ்நாட்டில் முருகப்பா குழுமம் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்களைத் தயாரித்தது. கனத்த சட்டமும் ஒற்றைக் கியரும் கேரியரும் கொண்ட அந்த வண்டி சமவெளிக்கானது. மலை ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியதுதான். 2001–02இல் தமிழக அரசு 11, 12ஆம் வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் எல்லா மாணவருக்கும் விரிவாக்கியது. கியர் சைக்கிள் பரவலானது இந்த நூற்றாண்டில்தான். பிரான்சில் தோன்றிய ‘பிரெவே’ முறை நெடும்பயணங்களும் அப்போதுதான் இங்கே வேரூன்றின. 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும்; முதலிடம், இரண்டாமிடம் கிடையாது.

பெருவழிகள் விலகிப்போனதால் மலைச்சாலைக்குக் கிடைத்த அமைதிக்கு மலைவாசிகள் விலை கொடுத்திருக்கிறார்கள். வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒரு குழந்தை, சாலை வசதி இல்லாத ஊரிலிருந்து உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தொழிலாளர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பிழைப்பு தேடி மலையிறங்கியவர்கள் அவர்கள். வெறிச்சோடிய சாலையைப் பார்த்து மகிழ்கிற பயணி, அதன் பின்னால் இருக்கும் இந்த வறுமையையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஆம்புலன்ஸ் எட்டும் அளவுக்குக் குறுகிய தார்ச்சாலை போடுவதே இந்த மலைக்கு இன்று செய்ய வேண்டிய முதல் வேலை. சைக்கிளுக்கு அந்த அகலம் தாராளம். காட்டை வெட்டி நான்கு வழிச்சாலை கொண்டுவந்தால் மலையாளிக்கும் பயன் இல்லை, காவலூரின் இருளும் போய்விடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் மலையேறும் சைக்கிள் பயணிகள் மாற்று டியூபும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கூடவே கொண்டுபோக வேண்டும். கரடி நடமாடும் காப்புக்காட்டுச் சாலையில் இருட்டுவதற்குள் ஊர் சேர வேண்டும். சாமையையும் தேனையும் ஜமுனாமரத்தூரில் விளைவித்தவர்களிடமே வாங்க வேண்டும்.